வாடகை வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊர் ஜெர்சி? ஜிஏஏ மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்தின் ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆட்டங்களை நடத்தும் ஜிஏஏ சங்கத்தின் மத்தியக் குழுவுக்கும், ஆண்டு மாநாட்டுக்கு வரும் கவுண்டிப் (மாவட்டப்) பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அவரவர் ஊருக்குத்தான் ஆட வேண்டும் என்ற உங்கள் விதியில் யாரும் கை வைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஹர்லிங்கில் பாதி உயிர் போய்விடும். ஆனால் ஒரு பிள்ளையின் ஊர் எது என்று முடிவு செய்ய "நிரந்தர வசிப்பிடம்" என்று ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அது வாடகை வீட்டுப் பிள்ளைகளைப் படாத பாடு படுத்துகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டுமாவது அதைத் தளர்த்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதன் ஆங்கில வடிவத்தை எங்கள் கிளப் செயலரிடம் கொடுத்தாயிற்று. தமிழில் எழுதுவது லிமெரிக், கார்க், கால்வே, டப்ளின் என்று பரவிக் கிடக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக. சனிக்கிழமை காலையில் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, நாம்தான்.

ஹர்லிங் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. பிரதிநிதிகள் தாண்டிப் போகலாம். பக்கத்துக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய ஹர்லி மட்டை, நுனி அகலமாக, பிளக்காமல் இருக்கத் தகரப் பட்டை அடித்திருக்கும். ஸ்லித்தர் என்ற சின்னத் தோல் பந்து. தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்திலும் அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டே ஓடவும் செய்யலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. இதையெல்லாம் நடத்தும் ஜிஏஏ 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி கவுண்டியின் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி ஆரம்பித்த சங்கம். இன்று டப்ளினில் 82,300 பேர் அமரும் க்ரோக் பார்க் அதன் சொந்த மைதானம். அந்த மைதானம் நிரம்பி வழியும் இறுதிப் போட்டியில் ஆடுகிறவனுக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிறு ஆடிவிட்டு, மறுவாரம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பார், வங்கியில் உட்கார்ந்திருப்பார்.

சரி. எங்கள் பக்கத்துப் பகையைச் சொன்னால்தான் நான் கேட்பது புரியும்.

லிமெரிக்கும் கிளேரும் ஷானன் ஆற்றின் இரு கரை. 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் தொடர்ந்து மன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியில் இந்த இரண்டு கவுண்டிகளும்தான் மோதின. மூன்றிலும் லிமெரிக் ஜெயித்தது. 2022 ஆட்டம் தர்லஸில். நேரம் முடியப் போகிறது, கிளேர் ஒரு புள்ளி பின்னால் இருக்கிறது, பக்கக் கோட்டில் ஒரு அடி கிடைக்கிறது. பந்தைக் கையில் எடுத்து அடிக்கக்கூடாது. தரையில் கிடக்கும் பந்தின் அடியில் மட்டையின் விளிம்பைச் செருகி, வெட்டித் தூக்க வேண்டும். மில்லிமீட்டர் தப்பினாலும் புல்தான் பறக்கும். கிளேரின் டோனி கெல்லி வெட்டினார். பந்து எழும்பி, வளைந்து, இரு கம்பங்களுக்கும் நடுவே போய் விழுந்தது. ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் லிமெரிக் 1-29 (1 கோல், 29 புள்ளி), கிளேர் 0-29 என்று முடிந்தது வேறு கதை. லிமெரிக்காரர்களே இன்றைக்கும் அந்த வெட்டைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். உடனே "ஆனா கப்பு யாருக்கு?" என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

2024இல் கிளேருக்கு விடிந்தது. மன்ஸ்டரில் தோற்ற அதே வருடம் அகில அயர்லாந்து இறுதியில் கூடுதல் நேரம் வரை போய், கார்க்கை 3-29க்கு 1-34 என்று வீழ்த்தியது. கூட்டிப் பார்த்தால் 38க்கு 37. ஒரே ஒரு புள்ளி. எங்கள் தெருவில் அன்று இரவு ஒருவரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

பழைய பகைகளைத் தோண்டினால் இன்னும் சுவாரசியம். 1993 மன்ஸ்டர் இறுதியில் டிப்பரேரி கிளேரை 18 புள்ளி வித்தியாசத்தில் துவைத்து எடுத்தது. ஆட்டத்தின் நடுவே டிப்பரேரியின் நிக்கி இங்கிலிஷ் சிரித்தது கேமராவில் விழுந்தது. அவர் எதற்குச் சிரித்தாரோ, கிளேரில் அதை நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். 81 வருடம் காத்திருந்த கிளேர் 1995இல் அகில அயர்லாந்துக் கோப்பையை எடுத்தது. 1997 இறுதியில் அதே டிப்பரேரியை ஒரு புள்ளியில் சாய்த்தது. இதில் அந்தச் சிரிப்புக்கு எத்தனை பங்கு என்று மதுக்கடைகளில் இன்னும் வழக்கு நடக்கிறது. 1998இல் கிளேருக்கும் ஆஃபலிக்கும் நடந்த அரையிறுதி மறு ஆட்டத்தில் நடுவர் நேரத்துக்கு முன்பே விசில் ஊதிவிட, ஆஃபலி ரசிகர்கள் க்ரோக் பார்க் புல்தரையில் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் மூன்றாவது ஆட்டம் வைத்தீர்கள், அதில் ஆஃபலி ஜெயித்தது, அப்புறம் கோப்பையையும் தூக்கியது. உட்கார்ந்தே கோப்பை வாங்கிய ரசிகர்கள் வேறு எங்கேயாவது உண்டா?

இந்த ரோஷத்துக்கெல்லாம் வேர் ஒன்றுதான். இங்கே ஆளை விலைக்கு வாங்க முடியாது. டோனி கெல்லி எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், அடுத்த வருடம் கில்கென்னி ஜெர்சியில் வந்து நிற்கப் போவதில்லை. முதலில் சேர்ந்த கிளப் எதுவோ அந்த உரிமை அவரோடு கடைசி வரை வரும். கில்கென்னி 36 முறை கோப்பை வென்றிருக்கிறது, வாட்டர்ஃபோர்டு 2 முறைதான், அதுவும் கடைசியாக 1959இல். அப்படியும் ஒரு வாட்டர்ஃபோர்டு பையன் கில்கென்னிக்குத் தாவுவதில்லை. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு இது முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. இப்போது இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்குமா என்று தோன்றுகிறது.

ஒரு இடைச்செருகல். ஆட்டக்காரனுக்கு இத்தனை கட்டு, மேலாளருக்கு ஒரு கட்டும் இல்லையே, அது என்ன நியாயம்? கிளேர்க்காரர் டேவி ஃபிட்ஸ்ஜெரால்டு வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு, ஆன்ட்ரிம் என்று சுற்றி வரலாம். டிப்பரேரிக்காரர் லியம் காஹில் வாட்டர்ஃபோர்டை நடத்திவிட்டு ஊருக்குத் திரும்பி, 2025இல் டிப்பரேரிக்குக் கோப்பை வாங்கித் தரலாம். கில்கென்னியின் செல்லப்பிள்ளை ஹென்றி ஷெஃப்லின் 2022இல் கால்வே அணியோடு வந்து, கில்கென்னி மேலாளராக இருந்த தன் பழைய குரு பிரையன் கோடிக்கு எதிரே நின்றார். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கை குலுக்கிய குலுக்கலில் இருந்த குளிரைப் பார்த்து நாடே ஒரு வாரம் பேசியது. அதைத் தடை செய்யச் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது. பெரியவர்கள் ஊர் மாறினால் வேடிக்கை பார்க்கிறோம், 12 வயதுப் பிள்ளை ஊர் மாறினால் படிவம் கேட்கிறோம் என்பதைத்தான் காட்டுகிறேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. லிமெரிக் நகரத்தில் வாடகைக்கு இருந்தோம். மூத்தவன் ஆறு வயதில் அங்கேயே ஒரு கிளப்பில் சேர்ந்தான். வீட்டுக்காரர் வீட்டை விற்கிறேன் என்று நோட்டீஸ் கொடுத்தார். நகரத்துக்குள் வாடகை கேட்டால் தலை சுற்றியது. கடைசியில் கிடைத்தது வெஸ்ட்பரியில் ஒரு வீடு. பார்த்தால் லிமெரிக்கின் புறநகர்தான், கடைத்தெரு, வேலை, பஸ் எல்லாம் லிமெரிக்தான். வரைபடத்தில் மட்டும் அது கிளேர். ஆக, மூத்தவனின் முதல் கிளப் லிமெரிக்கில். இன்னும் எங்கேயும் சேராத சின்னவனுக்கு முதல் கிளப் கிளேரில் அமையும். ஒரே கட்டிலில் படுக்கிற அண்ணன் தம்பிக்கு இரண்டு கவுண்டி. மன்ஸ்டர் இறுதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளியில் ஊர் நிறம் போட்டு வரச் சொன்னார்கள். காவியும் நீலமுமாக வகுப்பே நிற்க, மூத்தவன் மட்டும் லிமெரிக் பச்சை. "கழட்டிட்டுப் போடா, வம்பு எதுக்கு" என்று அவன் அம்மா சொன்னாள். "அம்மா, நான் லிமெரிக்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் கிளப் விதி அவனைக் காப்பாற்றியது, அது நல்ல விதி.

குறை வேறு இடத்தில். எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம், வேறொரு கவுண்டியில் இருப்பவர்கள், ஒரு பங்கிலிருந்து (தேவாலய வட்டாரத்திலிருந்து) இன்னொரு பங்குக்கு வீடு மாறினார்கள். கார் ஒன்றுதான், அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட், பழைய கிளப்புக்குக் கொண்டுபோய் விட முடியாது. புதிய வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கிளப் இருக்கிறது, பையனின் வகுப்புத் தோழர்கள் எல்லாம் அங்கே ஆடுகிறார்கள். டிரான்ஸ்ஃபர் கேட்டார்கள். பழைய கிளப் ஆட்சேபித்தது. "நிரந்தர வசிப்பிடம்தானா, ஆதாரம் கொடுங்கள்" என்று கேள்வி வந்தது. குறுகிய கால வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் காட்டினால், இது நிரந்தரமா என்று மறு கேள்வி. வங்கிக் கடனில் வீடு வாங்கினவனுக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை. படிவம் மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் சீசன் போய்விட்டது. பையன் அடுத்த வருடம் பாஸ்கெட்பால் சேர்ந்துவிட்டான். உங்களுக்கு ஒரு ஆட்டக்காரன் நஷ்டம். பழைய கிளப்புக்கும் லாபமில்லை.

இத்தனைக்கும், ஊர் என்பது அரசாங்கம் போட்ட கோடு அல்ல என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? 1898 சட்டத்தில் பல்லாஹடரீன் ஊரை மேயோவிலிருந்து ராஸ்காமனுக்கு மாற்றினார்கள். அந்த ஊர் கிளப் இன்று வரை மேயோவுக்குத்தான் ஆடுகிறது. வட அயர்லாந்தில் கவுண்டி நிர்வாகத்தையே கலைத்து மாவட்டங்களாக்கினார்கள், நீங்கள் கண்டுகொள்ளவில்லை. லண்டனும் நியூயார்க்கும் உங்கள் கணக்கில் கவுண்டி. வாட்டர்ஃபோர்டு நகர எல்லையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கில்கென்னி மண்ணுக்குள் நீட்டலாம் என்று பேச்சு வந்தபோது, ஹர்லிங் ஜெர்சியைச் சொல்லியே ஊர் கொதித்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இவ்வளவு நுணுக்கமாக ஊரைப் புரிந்து வைத்திருக்கும் சங்கம், ஒரு சிறுவன் விஷயத்தில் மட்டும் வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று எனக்கும் தெரியும். 2012இல் கேவன் கவுண்டியின் கேலிக் கால்பந்து வீரர் ஷானி ஜான்ஸ்டன் கில்டேருக்கு மாறப் பார்த்தார். புதிய கவுண்டிக்கு ஆடும் முன் அங்கே ஒரு கிளப் சாம்பியன்ஷிப் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகக் கில்டேரில் ஒரு கிளப்பின் ஹர்லிங் அணியில் அவரை இறக்கி, சற்று நேரத்திலேயே வெளியே எடுத்தார்கள். கால்பந்துக்காரர் தகுதி பெற ஹர்லிங் மட்டையைப் பிடித்து நின்ற கூத்து அது. அப்படிப்பட்ட சுறாவைப் பிடிக்கப் பின்னிய வலையில் இப்போது நெத்திலிதான் மாட்டுகிறது. சுறாவுக்கு வலை இருக்கட்டும். சீனியர் ஆட்டத்துக்கும் கவுண்டி அணிக்கும் விதி இப்போதுபோலவே கறாராக இருக்கட்டும், இன்னும் இறுக்கினாலும் சம்மதம்.

சிறு கிளப்புகளின் பயமும் பொய்யில்லை. கிராமப்புறத்தில் 15 பிள்ளைகளைச் சேர்ப்பதே பாடாக இருக்கிறது. பக்கத்துப் பங்கோடு சேர்ந்துதான் சிறுவர் அணி இறக்குகிறார்கள். கதவைத் திறந்தால் பெரிய கிளப் நல்ல பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அஞ்சத்தான் வேண்டும். ஆனால் நான் கேட்பது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் என்று அல்ல. வீடு மாறினால் மட்டும், அந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு முறை மட்டும், முதல் கிளப்பில் தொடர்வதா புதிய வீட்டுப் பக்கத்துக் கிளப்புக்குப் போவதா என்று குடும்பம் தேர்ந்துகொள்ளட்டும். பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் பள்ளிக்கூடச் சான்றும் போதும் என்று வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நீளத்தைக் கேட்காதீர்கள். ஆட்சேபம் தெரிவிக்கும் கிளப், இது கடத்தல்தான் என்று தானே நிரூபிக்கட்டும். பாரத்தை பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். வாடகைக் குடும்பம் கிராமத்துக்கும்தான் வருகிறது. அங்கே வந்து சேரும் பிள்ளையைத் தடுப்பதும் இதே விதிதானே.

வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த ஆட்டத்துக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஃபிஜியில் பிறந்து, பதினொரு வயதில் கார்க் வந்து சேர்ந்த ஷான் ஓக் ஓ ஹால்பீன் 2005இல் கேப்டனாகக் கோப்பை வாங்கி, ஐரிஷ் மொழியிலேயே பேசினார்.  எனக்கு அவரைவிட நெருக்கமானவர் ஸாக் மொராடி. இராக்கில் ஓர் அகதி முகாமில் பிறந்த குர்து. 2002இல் குடும்பத்தோடு லீட்ரிம் வந்தார், ஹர்லிங் பிடித்தார். பிறகு டப்ளின் டாலாவுக்குக் குடிபோய், அங்கே கிளப் ஆட்டம். ஆனால் கவுண்டி ஜெர்சி என்றால் லீட்ரிம்தான். 2019இல் லீட்ரிம், கீழ்த்தட்டு ஹர்லிங் அணிகளுக்கான லோரி மார் கோப்பையை வென்றபோது க்ரோக் பார்க்கில் அவரும் களத்தில் இருந்தார். வசிப்பது ஓரிடம், ஊர் வேறிடம் என்பதற்கு உங்கள் விதியிலேயே இடம் இருக்கிறது என்பதற்கு அவரே சாட்சி. பெரியவர் ஒருவருக்கு இருக்கும் அந்த இடத்தைச் சிறுவர்களுக்குச் சச்சரவில்லாமல் கொடுங்கள் என்கிறேன்.

உறுப்பினர் விதியில் நீங்கள் கை வைக்கவே மாட்டீர்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒரு காலத்தில் கிரிக்கெட், ரக்பி, சாக்கர் ஆட்டத்தைப் போய்ப் பார்த்தாலே உறுப்பினரை நீக்கினீர்கள். 1938இல் ஒரு சர்வதேச சாக்கர் ஆட்டத்துக்குப் போனதற்காக நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைடையே புரவலர் பதவியிலிருந்து எடுத்தீர்கள். அந்தத் தடை 1971இல் போயிற்று. வடக்கின் போலீஸ்காரர்களும் பிரிட்டிஷ் ராணுவத்தினரும் சேரக்கூடாது என்ற விதி 2001இல் போயிற்று. அவற்றோடு ஒப்பிட்டால் என் கோரிக்கை கொசுறு.

தமிழ்ப் பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. கிளப்பில் நாம் வருடா வருடம் பணம் கட்டுகிறோம், ஆனால் அதோடு சரி. 18 வயது நிரம்பிய முழு உறுப்பினர் மார்ச் 31க்குள் சந்தா கட்டியிருந்தால் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் ஓட்டுப் போடலாம், பொறுப்புக்கும் நிற்கலாம். பிள்ளை பெயரில் மட்டும் கட்டினால் அந்த உரிமை வராது. ஆட்டத்துக்கு கேக் சுட்டுக் கொண்டுவரச் சொன்னால் முதலில் நிற்கிறோம், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் "நமக்கு எதுக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். மேலே சொன்ன அந்தப் பையனுக்காக அந்தப் பழைய கிளப்பின் கூட்டத்தில் எழுந்து பேச ஒரு தமிழ் ஆள் இல்லை. அந்தக் கிளப்காரர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் கிளப்புகளும் இதைப் புதியவர்களுக்குத் தாங்களாகச் சொல்வதில்லை. சேர்க்கைப் பக்கத்தில் பணம் கட்டும் பொத்தான் பெரிதாக இருக்கிறது, ஓட்டுரிமை பற்றி ஒரு வரி இல்லை.

பிரதிநிதிகளே, இதற்கு நேரமும் கூடி வந்திருக்கிறது. பெண்கள் ஹர்லிங்கான கமோகியின் சங்கத்தையும் மகளிர் கேலிக் கால்பந்துச் சங்கத்தையும் 2027க்குள் உங்களோடு இணைக்க வேலை நடக்கிறது. அப்போது மூன்று விதிப் புத்தகங்களையும் பிரித்து வைத்து, உறுப்பினர் என்றால் யார், வசிப்பிடம் என்றால் எது என்று எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த மேசையில் வாடகை வீட்டுக்காரர்களையும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள். இதற்கெனத் தனியாக மாநாடு கூட்ட வேண்டியதில்லை.

உங்கள் நடைமுறைப்படியே போகிறேன். தீர்மானத்தை எங்கள் கிளப்பின் பொதுக் கூட்டத்தில் வைப்பேன். அங்கே தேறினால் கவுண்டி மாநாடு, அதைத் தாண்டினால் உங்கள் ஆண்டு மாநாடு, அங்கே 60 சதவீதம் வேண்டும் என்பதும் தெரியும். வரைவு ஒரு பக்கம்தான். முதல் கட்டத்திலேயே "சட்டப்படி வாசகம் சரியில்லை" என்று திருப்பி அனுப்பாமல், வாசகத்தைத் திருத்தித் தர உங்கள் விதிக் குழுவில் ஒருவரைக் கை காட்டினால் போதும். கூட்டம் குளிர்காலத்தில் வரும், அதற்குள் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வேலை லிமெரிக்கிலும் வீடு கிளேரிலும் உள்ள ஒரு தகப்பன்